அத்தையின் கம்மியும் ஜாஸ்தியும்

வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். மல்லாட்டை விவசாயத்தில் புழங்கும் சொற்களைப் பற்றித்தான் தொண்ணூறுகளின் கடைசியில் நான் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்தேன். தகவலுக்கு ஊர் ஊராக அலைய வேண்டியிருக்கவில்லை. கல்யாணம் எனக்குச் செய்து கொடுத்த ஒரே சௌகரியம் அது. மாமியார் கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் மல்லாட்டை பயிர் வைத்திருந்தார். அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன்.

டேப் ரெக்கார்டரை எதிரே வைத்தால் போதும், அத்தை தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்துவிடுவார். பருப்பு வைக்காத வெறுங்காய்க்குப் பொக்கு என்று பெயர். அதைப் பற்றிக் கேட்டேன்.

"மழ கம்மியானா பொக்கு ஜாஸ்தி. பொக்கு ஜாஸ்தினா ஊட்ல சண்ட ஜாஸ்தி. எழுதிக்கோ."

எழுதிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "இதெல்லாம் புக்குல வருமா?" என்றார்.

"நீங்க சொன்னது சொன்னபடியே வரும் அத்தை."

அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அன்றிலிருந்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் தான் பேசியது புத்தகமாகப் போகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் கூச்சமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

ஆய்வேட்டை வாசித்த நெறியாளர் பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார். நான் என் வாய்க்கு வந்தபடி கம்மி, ஜாஸ்தி என்றே எழுதியிருந்தேன். பிறமொழிச் சொல், நீக்கு என்றார். மல்லாட்டைக்கும் வட்டம். மல்லாட்டையை விட முடியாது என்று சண்டை போட்டேன். சரி, அது இருக்கட்டும், மற்றதை மாற்று என்று இறங்கி வந்தார். ஜெயித்துவிட்டேன் என்ற மிதப்பில் நேராக டி.டி.பி. சென்டருக்குப் போனேன்.

மறுநாள் பௌர்ணமி. விடிந்தால் கிரிவலக் கூட்டத்தில் அந்தத் தெருவுக்குள் கால் வைக்க முடியாது. டைப் அடிக்கும் பெண்ணுக்கு அன்னதான நோட்டீஸ் வேலை வேறு குவிந்து கிடந்தது.

"ஒவ்வொண்ணா தேடினா இன்னிக்கு முடியாது மேடம். மொத்தமா மாத்திடட்டா?"

"மாத்தும்மா."

முதலில் கம்மியா எல்லாம் குறைவா ஆனது. அப்புறம் கம்மி குறைவு ஆனது, ஜாஸ்தி மிகுதி ஆனது. இத்தனை இடத்தில் மாற்றியாயிற்று என்று திரையில் ஒரு பெட்டி வந்து நின்றது. எனக்கு ஒரே சந்தோஷம். ஒரு வாரம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலை! அந்தப் பெண்ணுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

அத்தை பேசியது முழுக்கப் பின்னிணைப்பாக அதே ஃபைலில்தான் இருந்தது. அந்த நேரத்தில் எனக்கு அது நினைவிலேயே இல்லை. டேப்பைக் கேட்டு ஏற்கெனவே வரிவரியாகச் சரிபார்த்த பகுதி என்பதால் மறுபடி படிக்கவும் இல்லை. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு.

வாய்மொழித் தேர்வில் வெளியூர்ப் பேராசிரியர் ஒரு பக்கத்தைப் பிரித்து, "யாரம்மா இந்தக் குறைவுயர்?" என்று கேட்டார். களைக்கொத்து அடித்துத் தரும் கொல்லர்கள், அதாவது கம்மியர்தான் அப்படி ஆகியிருந்தார்கள். அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். அப்போதாவது பின்னிணைப்பைப் புரட்டியிருக்கலாம். பட்டம் கிடைத்த மயக்கத்தில் அதுவும் தோன்றவில்லை.

பைண்டு செய்த புத்தகத்தைக் கொண்டுபோய் அத்தை மடியில் வைத்தேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு, மகனைப் படிக்கச் சொன்னார். என் கணவர் படித்தார்.

"மழ குறைவானா பொக்கு மிகுதி. பொக்கு மிகுதினா ஊட்ல சண்ட மிகுதி."

படித்தவரே திகைத்து என்னைப் பார்த்தார். வந்திருந்த பெண்களில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"இது யாரு பேசறது?" என்றார் அத்தை.

நான் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். "கம்ப்யூட்டர் மாத்திடுச்சு அத்தை."

"கம்ப்யூட்டரா?" சற்று யோசித்தார். "அதுவே மாத்திச்சுனா நான் சொன்னது தப்பாதான் இருக்கும்."

தப்பே இல்லை, நான்தான் பார்க்காமல் விட்டேன் என்று எத்தனையோ விதமாகச் சொன்னேன். நான் சமாதானம் சொல்லச் சொல்ல, தான் பெரிய தப்பு செய்துவிட்டதாகவே அவர் நினைத்துக்கொண்டார். புத்தகத்தை முந்தானையால் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

மறுபடி டி.டி.பி. சென்டருக்கு ஓடினேன். திருப்பி மாற்றினால் நான் எழுதிய இடங்களிலும் மாறிவிடும் என்றாள் அந்தப் பெண். என் குறைவு எது, அத்தையின் குறைவு எது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாதாம். டேப்பை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிசெய்யலாம் என்று தள்ளிப்போட்டேன். அதற்குள் அங்கே கம்ப்யூட்டரும் எழுத்துருவும் மாறிவிட்டன. என் ஃப்ளாப்பியைத் திறந்தால் தமிழே வரவில்லை, கோணல்மாணலாக ஏதேதோ குறிகள் வந்தன.

அத்தையிடமும் ஒரு மாற்றம் வந்தது. நான் அதைக் கவனிக்கச் சில மாதம் ஆனது. எங்கள் வீட்டுக்கு வந்தால் குழம்பை ருசி பார்த்து, "உப்பு கம்..." என்று ஆரம்பித்து, என்னைப் பார்த்ததும் நிறுத்தி, "கொறவா இருக்குதும்மா" என்பார். மகனிடம் கம்மிதான். காய்கறிக்காரரிடம் பேரம் பேசும்போது ஜாஸ்திதான். என்னிடம் மட்டும் பார்த்துப் பார்த்துப் பேசினார். அத்தை, சும்மா பேசுங்க என்று கெஞ்சினேன், ஒருநாள் கோபப்பட்டும் கத்தினேன். தலையை ஆட்டிக்கொண்டார், அவ்வளவுதான். அதற்கப்புறம் அவர் பேச்சை நான் பதிவு செய்யவே இல்லை. எந்த முகத்தோடு மைக்கை நீட்டுவது?

சில வருடம் கழித்து அத்தை கழனியில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தோம். நர்ஸ் வந்து வலி எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

"ஜாஸ்தியா இருக்குதும்மா," என்று கண்ணை மூடியபடியே முனகினார்.

நான் குனிந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப வலிக்குதா அத்தை?" என்றேன். என் குரல் கேட்டுக் கண்ணைத் திறந்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு, சொல்லைத் தேடி எடுத்துச் சொன்னார்.

"மிகுதியா இருக்குதும்மா."