சட்டைப் பை மட்டும் சிவப்பு

முகத்தை மறைத்தால் போதும் என்று நினைத்தோம். மரக்காணத்து உப்பளத்தில் அது பெரிய காரியமே இல்லை. வெயில் மேலேயிருந்தும் அடிக்கும், உப்பில் பட்டுக் கீழேயிருந்தும் அடிக்கும். பெண்கள் துண்டால் தலையையும் முகத்தையும் சுற்றி, கண்ணை மட்டும் விட்டுவைத்து, புடவைக்கு மேல் வீட்டு ஆம்பளையின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டுதான் பாத்தியில் இறங்குவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் யார் யாரென்று தெரியாது. அக்காவுக்கு வேண்டியிருந்தது அதுதான்.

கிளியனூரைத் தாண்டி உள்ளே ஒரு ஊரில் அவளைக் கட்டிக்கொடுத்திருந்தோம். ஒரு மத்தியானம் மாமா மண்ணெண்ணெய் கேனை அவள்மேல் கவிழ்த்துவிட்டு, தீப்பெட்டி தேட அடுப்படிக்குள் போனார். அந்த இடைவெளியில் அவள் வெளியே வந்துவிட்டாள். நனைந்த புடவையை மறைக்கக் கொடியில் கிடந்த சட்டையை இழுத்துப் போட்டுக்கொண்டு, ரோட்டுக்கு ஓடி, வந்த பஸ்ஸில் ஏறி, என்னிடம் வந்தாள். நான் அப்போது சென்னை வேலையை விட்டுவிட்டு, மரக்காணத்தில் உப்பு லாரிகளுக்குக் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். அது அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. மாமா என்னைச் சென்னையில் தேடுவதாகக் கேள்விப்பட்டேன். தேடட்டும், சென்னை பெரிய ஊர். பாருங்கள், இப்போதும் என் கை அவரை மாமா என்றுதான் எழுதுகிறது.

மழை மாதங்களில் உப்பளத்தில் வேலை கிடையாது. இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷத்து மழைக்கு அக்கா குயிலாப்பாளையத்தில் ஒரு விடுதியில் அறை கூட்டப் போனாள். அங்கே தங்கியிருந்த வெள்ளைக்காரம்மா தினமும் காலையில் சின்னக் கேமராவைத் தன் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு பேசுமாம்.

"தனியா பேசிக்கினு இருக்குதுடா. மொதல்ல லூசுன்னு நெனச்சேன்."

"அப்புறம்?"

"அப்புறம் பாத்தா, நெட்டுல போட்டு, அதக் கேக்கறதுக்கு எங்கெங்கியோ ஆளு இருக்குதாம். நம்ம பேசுனா யாருடா கேட்டாங்க?"

ஊருக்குப் போகும்போது அந்தம்மா கேமராவை அக்காவிடமே விட்டுவிட்டுப் போனது. படத்தை நெட்டில் எப்படி ஏற்றுவது என்பதையும் பழக்கியிருந்தது. பாஸ்வேர்டு அக்காவின் தலைக்குள் மட்டும் இருந்தது.

அடுத்த கோடையில், பாத்திகளில் உப்பு இறுகிக்கொண்டிருந்த ஒரு காலையில், கேமராவை என் கையில் கொடுத்துவிட்டு வரப்பில் போய் நின்றாள். துண்டு, சட்டை, கண்கள். பின்னால் கண்ணைப் பறிக்கும் வெள்ளை.

"வணக்கம். இது உப்பு. இத நாந்தான் வார்றேன். நேத்து நல்லாத் தூங்கினேன். உள்பக்கமா தாழ்ப்பாள் போட்டுக்கினு தூங்கினேன். அவ்ளோதான்."

நான் பக்கம் பக்கமாக எழுதிக் கிழித்துப் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. அத்தனை பக்கத்திலும் இவ்வளவு சொன்னதில்லை.

பெரிய முதலியார்சாவடியில் ஒரு பிரௌசிங் சென்டர் இருந்தது. அங்கேதான் ஏற்றினோம். சில வாரம் கழித்து, எத்தனை பேர் பார்த்தார்கள் என்று பார்க்க மறுபடி போனோம். பிளைவுட் தடுப்புக்குள் ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதி. படம் கொஞ்சம் ஓடியது, நின்றது, சுற்றியது. நின்ற இடம் அவள் மார்பு. நீலக் கட்டம் போட்ட சட்டை. பை மட்டும் சிவப்பு.

துணி பத்தாமல் போனதால் தையல்காரர் பைக்கு வேறு துணி வைத்துத் தைத்த சட்டை அது. அதைப் போட்டுக்கொண்டு மாமா தெருவில் நடந்தால், "தபால்பெட்டி போவுது பார்றா" என்று அந்த ஊரே சிரிக்கும். தினமும் கண்ணெதிரே உப்பில் வெளுத்துக்கொண்டிருந்த சட்டைதான். அந்தப் பெட்டிக்குள் உறைந்து நின்றபோதுதான் அது யாருடையது என்று எனக்கு உறைத்தது. ஆம்பளைச் சட்டை போட்டால்தான் உப்பளத்துப் பெண் மாதிரி இருக்கும். அவளிடம் இருந்த ஆம்பளைச் சட்டை அது ஒன்றுதான்.

படத்துக்குக் கீழே யாரோ, ஆங்கில எழுத்தில் தமிழாக, ஒரு வரி போட்டிருந்தார்கள். நான் எழுத்துக்கூட்டி வாசித்தேன். 'அக்கா, இது எந்த ஊர் உப்பளம்?'

அவள் முகம் பூத்துவிட்டது. "டேய், யாரோ கேக்குறாங்கடா! மரக்காணம்னு போடு."

"அக்கா. சட்டையப் பாரு."

பார்த்தாள். பக்கத்துத் தடுப்பில் எவனோ எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தான். அக்காவின் மூச்சு எனக்குக் கேட்டது.

"அழிச்சிடு" என்றேன்.

"அழிச்சா, நான் பேசுனது?"

"மறுபடி பேசு. என் சட்டையப் போட்டுக்கினு பேசு."

"ஏம்பா, டைம் ஆயிடுச்சு" என்று கடைக்காரர் குரல் கொடுத்தார். ஒற்றை விரலால் தட்டித் தட்டி அழித்தாள். எனக்கு உயிர் வந்தது. ஏற்கெனவே பார்த்துவிட்ட கண்ணிலிருந்து அழிக்க முடியாது என்பது பஸ்ஸில் திரும்பும்போதுதான் தோன்றியது.

என் வெள்ளைச் சட்டையில் அதே வார்த்தைகளை மறுபடி பேசினாள். நான் கேமராவைப் பிடித்தபடி அவளைப் பார்க்காமல், அவளுக்குப் பின்னால் பஸ் நிற்கிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பஸ்ஸும் யாரையோ இறக்கிவிட்டுப் போனது.

அதையும் ஏற்றிவிட்டு, அடுத்த தடவை சென்டருக்குப் போனபோது படத்துக்குக் கீழே அதே ஆள் எழுதியிருந்தார்.

'சட்டை மாத்திட்டீங்களா அக்கா? பழையது எங்கே?'

யாரோ விளையாட்டுக்குக் கேட்டதாகவும் இருக்கலாம். அல்லது மாமாவின் சொந்தத்தில் கம்ப்யூட்டர் படிக்கிற எவனோ. அல்லது அவன் பக்கத்தில் உட்கார்ந்து, இதை எழுதுடா என்று சொன்ன மாமா. "கடலூருக்குப் போயிடலாங்க்கா. இன்னைக்கே."

"எங்கடா போறது? ஒவ்வொரு ஊரா, ஒரு சட்டைக்குப் பயந்துக்கினு?" என்றாள். ஆனால் அவள் கையும் ஜில்லென்றுதான் இருந்தது.

மறுநாள் காலை, தண்ணீர் இறைக்கிற என்ஜின் கொட்டகைக்கு முன்னால் நின்று, கேமராவை எடு என்றாள். எடுத்தேன். முகத்தில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தாள்.

"அக்கா, வேணாம்."

"நீ புடி."

என்ஜின் மேலே கிடந்த கந்தலை எடுத்து நேரே நீட்டினாள். கருப்பாக எண்ணெய் சொட்டியது. பை மட்டும் இன்னும் சிவப்பு.

"பழைய சட்டை எங்கன்னு கேட்டீங்கல்ல? தோ. என்ஜின் தொடைக்கிறோம். இந்தத் தபால்பெட்டில இப்ப யாரும் ஒண்ணும் போடறதில்ல. நேத்தும் நல்லாத் தூங்கினேன்."

ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. அதையும் ஏற்றினாள். அதற்குப் பிறகு அந்த ஆள் எதுவும் கேட்கவில்லை. மாமாவும் வரவில்லை. கேட்காததும் வராததும் சேர்ந்து எனக்குப் பல வருஷம் தூக்கமில்லாமல் செய்தன. அவள் தூங்கினாள்.

அந்தப் படம் இன்னும் நெட்டில் கிடக்கிறது. முழுக்க ஆடுகிறது. உப்பளத்துக் காற்று போல என்று பார்க்கிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அன்றைக்குக் காற்றே இல்லை; கேமரா என் கையில் இருந்தது.