எழுதாத வசனம்

அறுபதுகளில் ஒரு ராஜா காலத்துப் படத்துக்காகச் செஞ்சிக் கோட்டையில் படப்பிடிப்பு நடந்தது. எனக்குக் கோழைத் தளபதி வேடம். எழுதிக் கொடுத்ததை விட்டுவிட்டு, அந்த நிமிடத்தில் தோன்றுவதைப் பேசிச் சிரிக்க வைப்பவன் என்று எனக்குப் பெயர் வர ஆரம்பித்திருந்த நேரம் அது.

படைவீரர்களாக உள்ளூர்க்காரர்களை நிறுத்தியிருந்தார்கள். தொண்டூரிலிருந்து வந்த ஒருவருக்கு வலது காலைச் சற்று இழுத்துத்தான் நடக்க முடியும். "போய் எதிரியைத் தடு!" என்பதுதான் என் வசனம். அவர் ஈட்டியோடு நடக்கத் தொடங்கியதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "நீ போய்ச் சேர்வதற்குள் எதிரிக்கே நரை விழுந்துவிடுமே!" என்றேன். வேடிக்கை பார்த்த கூட்டம் வயிறு குலுங்கச் சிரித்தது. டைரக்டரும் ஓகே சொல்லிவிட்டார்.

சாப்பாட்டு நேரத்தில் அந்தத் தொண்டூர்க்காரர் என்னிடம் வந்தார்.

"சார், எம் பொண்ணு பாத்துக்கினு இருந்துச்சு. அழுதுக்கினே போயிடுச்சு. அந்தப் பேச்சு எழுதி வெச்சதா, நீங்களா சொன்னதா?"

"எழுதி வெச்சதுதாங்க" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. "அப்ப சரி சார். எழுதுனவரு இன்னா, என்னைப் பாத்தா எழுதுனாரு? பொண்ணுகிட்ட சொல்லிடுறேன்."

அந்த வரியை எடுத்துவிடும்படி டைரக்டரிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அது நன்றாக வந்திருந்தது.

படம் வெளியானபோது கொட்டகைகளில் அந்த வரிக்குத்தான் சிரிப்பு அதிகம். அதைப் பற்றி ஒரு பத்திரிகையில் கேட்டார்கள். "வசனத்தில் இல்லாதது, நானே அங்கே சொன்னது" என்று பெருமையாகச் சொன்னேன். அது அப்படியே அச்சில் வந்தது.

தொண்டூரில் அந்தப் பெண் அதைப் படித்திருப்பாளோ என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.