வாசப்படியில் மாட்டிக்கொண்ட பெஞ்சு

இரண்டு வருஷத்துக்கு முன்னால், பங்குனி மாசம். ஜவ்வாது மலையில் புதூர்நாட்டுப் பக்கம் இருக்கிற எங்கள் ஊரில், மகளிர் குழுவின் புளி ஷெட்டில் நடந்தது இது. நான் அஞ்சாவது வரைக்கும்தான் படித்தேன். எழுத்து கோணல்மாணலாக வரும். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்குப் பேச்சு வராது, சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். பஸ்ஸில் ஊர்ப் பேரைச் சொன்னால் கண்டக்டர் ரெண்டு தடவை "எங்கம்மா?" என்று கேட்பார். அவ்வளவு மெதுவாகத்தான் பேசுவேன். அதனால் இதை எழுதிப் பார்க்கிறேன்.

புளி சீசனில் நாங்கள் பதினாலு பேர் அந்த ஷெட்டில் வேலை செய்வோம். தரையில் வரிசையாகக் குந்திக்கொள்வோம். ஆளுக்கு ஒரு கல், ஒரு சின்ன சுத்தி. ஓடு எடுத்த புளியைக் கல்லில் வைத்துத் தட்டினால் கொட்டை தெறித்து வெளியே வரும். காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம் வரைக்கும் தட்டு தட்டென்று சத்தம், நடுவில் ஊர்க்கதை, சிரிப்பு. மற்றவர்கள் பேசுவார்கள், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். வயசில் நான்தான் மூத்தவள். எல்லாருக்கும் ஏதோ ஒரு முறையில் அத்தை.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் இருக்கிறது. பெரியவர்கள் தரையில் குந்தியிருந்தால் சின்னவர்கள் அவர்களைவிட உசரத்தில் குந்த மாட்டார்கள். கட்டில், நாற்காலி எது இருந்தாலும் தொடமாட்டார்கள். யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பதில்லை, பார்த்துப் பார்த்து வந்துவிடும்.

அந்த சீசன் ஆரம்பத்தில் மலைக்குக் கீழே இருக்கிற மகளிர் திட்ட ஆபீஸிலிருந்து ஒரு மேடம் வந்தார்கள். வேலை செய்கிற இடத்தில் யாரையும் ஒதுக்கக்கூடாது, கை கால் முடியாதவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று பேசிவிட்டுப் போனார்கள். எங்கள் குழுத் தலைவி நல்ல மனுஷிதான், வாய் மட்டும் பெரிசு. மறுநாளே பக்கத்து ஊரிலிருந்து ஒரு பெண்ணைக் கூட்டிவந்து நோட்டில் பேர் எழுதினாள்.

அந்தப் பெண்ணுக்கு முப்பது வயசு இருக்கும். வளைவில் ஜீப்பு கவிழ்ந்து, வலது காலில் கம்பி வைத்திருந்தார்கள். முட்டி மடங்காது, கால் கட்டை மாதிரி நேராகவே இருக்கும். புருஷன் கேரளாவில் மிளகுத் தோட்டத்து வேலைக்குப் போயிருந்தான். அவள் மாமியாரோடு இருந்தாள். மலையில் பொம்பளைக்கு வேலை என்றால் கொல்லை, காடு, தலைச்சுமை. எல்லாவற்றுக்கும் கால் வேண்டும். இருந்த இடத்தில் இருந்து செய்கிற வேலை புளி ஷெட்டில்தான் இருக்கிறது என்று ஆசையாக வந்தாள்.

ஆனால் தரையில் குந்தத்தான் அவளால் முடியவில்லை. முதல் நாள் அந்தக் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். நீட்டின கால் நடுவழியில் கிடந்தது. தாண்டிப் போகக்கூடாதே என்று கூடை தூக்குகிறவர்கள் எல்லாரும் சுற்றிச் சுற்றிப் போனார்கள். அவள் எழுந்திருக்க ரெண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது. ரெண்டாம் நாளும் அதே கதை.

மூணாம் நாள் அவள் தலைவியிடம் மெதுவாகக் கேட்டாள். ஷெட்டுக்கு வெளியே பள்ளிக்கூடத்தில் கழித்துப்போட்ட பழைய பெஞ்சு ஒன்று கிடக்கிறதே, அதை எடுத்துப் போட்டுக்கொள்ளட்டுமா என்று.

தலைவி என் பக்கம் கையைக் காட்டினாள். "அத்தையே கீழ குந்திக்கினு இருக்காங்க. நீ அவங்க தலைக்கு மேல குந்துவியாம்மா? பாக்க நல்லாவா இருக்கும்?"

சுத்திச் சத்தம் நின்றுவிட்டது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் புளியைப் பார்த்தேன்.

உண்மையைச் சொல்கிறேன். எனக்கு அதில் கோபமோ வருத்தமோ கிடையாது. அவள் பெஞ்சில் குந்தினால் எனக்கென்ன? அதைச் சொல்ல ஒரு வார்த்தை போதும். கூச்சத்தில் வாய் வரவில்லை. கூச்சம் மட்டும் என்றும் சொல்லமுடியாது. வீட்டில் என்னை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. இங்கே என் பேரைச் சொல்லி ஒரு மரியாதை நடக்கிறது என்று மனசுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. நான் பேசாமல் இருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அன்றையிலிருந்து அவள் நின்றுகொண்டே புளி தட்டினாள். ஜன்னல் திட்டில் கல்லை வைத்துக்கொண்டு, தோளைச் சுவரில் சாய்த்து, பாரத்தையெல்லாம் நல்ல காலில் போட்டுக்கொண்டு. நாங்கள் ரெண்டு கூடை முடிக்கும்போது அவள் முக்கால் கூடைகூட முடித்திருக்க மாட்டாள். ஒரு வாரத்துக்கு மேல் அப்படியே போனது. நான் தினமும் தலையைக் குனிந்துகொண்டு தட்டினேன்.

ஒருநாள் சாயங்காலம் தலைவி அவளைக் கூப்பிட்டாள். வர்ற வாரம் லோடு ஏற்ற வண்டி வருகிறது, அதற்குள் புளி ரெடியாக வேண்டும். நாளைக்கு ஒருநாள் வந்துவிட்டு, அதற்கப்புறம் அவள் வரவேண்டாம், நோட்டில் பேர் அப்படியே இருக்கும், காலைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கட்டும் என்று சொன்னாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். மேடம் வந்து கேட்டாலும் பேர் இருக்கிறதே.

அந்தப் பெண் சண்டை போடவில்லை. "பேரு மட்டும் இங்க வந்து இன்னா பண்ணப்போவுதுக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கோலை ஊன்றிக்கொண்டு வெளியே போனாள்.

எனக்குக் கை ஓடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து தண்ணீர் குடிக்கிற மாதிரி வெளியே வந்தேன். பலாமரத்தடிப் பாறையில் அவள் உட்கார்ந்திருந்தாள். ஊருக்குப் போகிற ஜீப்புக்குக் காத்துக்கொண்டிருந்தாள் போல. பாதம் வீங்கி, செருப்பு வார் பதிந்த இடம் சிவந்து கிடந்தது. என்னைப் பார்த்ததும் பாறையைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தாள். அந்தக் காலோடு. பெரியவள் வருகிறேனாம்.

"குந்தும்மா, குந்து" என்றேன். நான் குந்தாமல் அவள் குந்தமாட்டாள் என்று தெரிந்தது. அதனால் நானும் அவள் பக்கத்தில் பாறையில் குந்தினேன். குந்தும்போது என் முட்டி ரெண்டும் எப்போதும்போல 'கடக்' என்றது.

அவளுக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னா அத்தே, என் காலுல கம்பி கீது, அது சும்மா கீது. உங்க காலு இந்த சத்தம் போடுது" என்றாள்.

நானும் சிரித்துவிட்டேன். அப்புறம் யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னேன். ரெண்டு வருஷமாக முட்டி வலி. தூணைப் பிடிக்காமல் எழுந்திருக்க முடியாது. அதனால்தான் எல்லாருக்கும் முன்னால் வந்து தூண் பக்கத்து இடத்தைப் பிடித்துக்கொள்கிறேன். எல்லாரும் போனபிறகு எழுந்திருக்கிறேன். வெளியே தெரிந்தால், வயசாகிவிட்டது வீட்டில் இருங்கள் அத்தை என்று மரியாதையாக அனுப்பிவிடுவார்களே என்ற பயம். வீட்டில் போய் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்க என்னால் முடியாது.

அவளும் சொன்னாள். இந்த வேலையும் போச்சுன்னா உங்கம்மா வூட்டுக்குப் போய்டு, எங்களால உக்கார வச்சி சோறு போட முடியாது என்று மாமியார் சொல்லிவிட்டாளாம். ஆறு வயசுப் பெண் குழந்தையை மட்டும் இங்கேயே விட்டுவிட்டுப் போகச் சொல்கிறார்களாம். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஜீப்பு வந்தது, போய்விட்டாள்.

மறுநாள் விடிந்ததும் நான் ஷெட்டுக்குப் போய்விட்டேன். யாரும் வருவதற்குள் அந்தப் பெஞ்சை உள்ளே இழுத்துப் போட்டு, அதில் ஏறிக் குந்திக்கொள்வது, வாயைத் திறக்க வேண்டியதே இல்லை, பார்க்கிறவர்களே புரிந்துகொள்ளட்டும் என்று என் கணக்கு. பெஞ்சு மேலிருந்த கிழிந்த சாக்கையெல்லாம் தள்ளிவிட்டு இழுத்தேன். வாசப்படி வரைக்கும் வந்தது. அங்கே ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே என்று குறுக்கே மாட்டிக்கொண்டது. தள்ளினாலும் போகவில்லை, இழுத்தாலும் வரவில்லை. நான் உள்பக்கம், பெஞ்சு நடுவில். அதற்குள் எல்லாரும் வந்துவிட்டார்கள். யாரும் உள்ளே வரமுடியவில்லை, நானும் வெளியே போகமுடியவில்லை. கோலோடு அந்தப் பெண்ணும் கடைசியில் நின்றுகொண்டிருந்தாள்.

ஒருத்தி, "அத்தே வாசலை அடைச்சி ஸ்டிரைக் பண்றாங்கடி" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

"இன்னா அத்தே இது, காலங்காத்தால?" என்றாள் தலைவி.

இனி பேசாமல் முடியாது. பெஞ்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "எனக்கு முட்டி வலிக்குது. நான் மேல குந்தறேன்" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. "நான் மேல குந்தினா அவளும் குந்தலாம் இல்ல?"

தலைவி கொஞ்சம் திகைத்தாள். அப்புறம், நான் பயந்த அதே வார்த்தையைச் சொன்னாள். "முட்டி வலின்னா நீங்க வூட்ல இருக்கலாமே அத்தே. நாங்க யாராவது வேணான்னா சொல்லப்போறோம்?"

"அவகிட்டயும் இதையேதான சொன்ன" என்றேன்.

தலைவி என்னைப் பார்த்தாள், திரும்பி அந்தப் பெண்ணின் பாதத்தைப் பார்த்தாள். வீக்கம் வடியாமல் ஒரு காலில் மட்டும் செருப்பு போட்டுக்கொண்டு வந்திருந்தாள் அவள். தலைவி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பெஞ்சின் மறுபக்கத்தைத் தூக்கினாள். அந்த முனையைச் சாய்த்ததும் பெஞ்சு சுலபமாக உள்ளே வந்துவிட்டது.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். ரெண்டு பேரும் பெஞ்சில் குந்திவிட்டோம், கல் தரையில் கிடக்கிறது. குனிந்து குனிந்து தட்டினதில் ஒரு மணி நேரத்தில் இடுப்பு போய்விட்டது. ரெண்டு கொக்கு மீன் பிடிக்கிறது என்று கேலி பேசினார்கள். அந்தப் பெண்தான் யோசித்து, புளி அள்ளுகிற பிளாஸ்டிக் பெட்டிகளைக் கவிழ்த்து ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, மேலே சாக்கை மடித்துப் போட்டு, கல்லை அதன்மேல் வைத்தாள். இப்போது கொட்டை தெறித்துக் கீழே குந்தியிருந்தவர்கள் தலையில் விழுந்தது. திட்டு வாங்கினோம். உடனே சாக்கைச் சுற்றி வரப்பு மாதிரி சுருட்டிக் கட்டினாள். கொட்டை அதற்குள்ளேயே நின்றது. சாயங்காலம் பார்த்தால் அவள் கூடை எங்கள் கூடைக்குச் சரியாக நிறைந்திருந்தது. அன்று சனிக்கிழமை. போகும்போது தலைவி அவளிடம், "திங்கக்கிழமை லேட் பண்ணாம வந்துடு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

நாலு நாள் கழித்து, ஆபரேஷன் செய்துகொண்ட ஒருத்தி வந்து, "அத்தே, கொஞ்சம் தள்ளிக் குந்துங்க, எனக்கும் இடுப்பு முடியல" என்றாள். அப்புறம் ஆறு மாசக் கர்ப்பமாக இருந்தவள் வந்தாள். ஒவ்வொருத்தியாகச் சொன்னபோதுதான் தெரிந்தது, பாதிப் பேர் வலியை மறைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் தரையில் குந்தியிருக்கிறார்கள். நான் மட்டும்தான் திருட்டுத்தனமாகத் தூணைப் பிடிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பெஞ்சில் இடம் போதாமல் சண்டைகூட வந்தது. சீசன் முடிவதற்குள் தலைவியே தச்சரைக் கூப்பிட்டு மூணு பெஞ்சும், அதற்கேற்ற உசரத்தில் பலகையும் செய்யச் சொன்னாள். தரையில் குந்தினால்தான் வசதி என்கிறவர்கள் இன்னும் தரையில்தான் குந்துகிறார்கள். அவர்களை யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

அந்தப் பெண் மாமியார் வீட்டில்தான் இருக்கிறாள், குழந்தையும் அவளோடுதான் இருக்கிறது. இந்த சீசனில் புதுசாக வந்த ரெண்டு பேருக்கு அவள்தான் வேலை சொல்லிக்கொடுத்தாள். போன வாரம் என் பக்கத்தில் குந்திக்கொண்டு, மாமியாருக்கும் இப்போது முட்டி வலி, அடுத்த வருஷம் இங்கே கூட்டிவரப்போகிறேன், வாய் மட்டும் உங்களுக்கு நேர்மாறு அத்தே, தாங்குவீங்களா என்று கேட்டாள். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

எனக்குக் கூச்சம் இன்னும் போகவில்லை, கூட்டத்தில் இப்போதும் பின்னால்தான் குந்துகிறேன். ஆனால் பெரியவள் என்று எனக்கு யாராவது ஒரு மரியாதை செய்தால், அந்த மரியாதைக்காக எந்த மூலையில் யார் கால் வீங்க நின்றுகொண்டிருக்கிறார்களோ என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் அதை வாங்கிக்கொள்கிறேன்.