எல்லாம் நார்மல், வலியைத் தவிர

போன செவ்வாய்க்கிழமை செகந்திராபாத்தில் ஒரு டாக்டர், எனக்கு நோய் இருக்கிறது என்று சொன்னார். சந்தோஷத்தில் அழுதுவிட்டேன்.

சிரிக்காதீர்கள். எட்டு மாதமாக இடது விலாவில் வலி. தும்மினால் உயிர் போகும். புரண்டு படுத்தால், போன உயிர் திரும்பி வந்து மறுபடி போகும். பிறகு அந்த வலி தோள், இடுப்பு, முழங்கை என்று டூர் கிளம்பியது. ஆனால், வலிக்கிறது என்று நான் சொன்னால் போதுமா?

எங்கள் வீட்டில் போதாது. என் கணவர் சிவராமன், பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டயரானவர். கருவி வைத்து அளக்காமல் ஒரு திருகாணிக்குக்கூடக் கையெழுத்துப் போட்டதில்லை. இப்போது செகந்திராபாத்தை ஒட்டிய அல்வாலில், வீட்டில் அளப்பதற்கு என்ன இருக்கிறது... என்னைத் தவிர?

ஃபைல் திறந்தார். பக்க எண் போட்டார். அரசு டிஸ்பென்சரியில் பரிந்துரைச் சீட்டு வாங்கி எலும்பு டாக்டரிடம் போனோம். எக்ஸ்ரே நார்மல். அவர் நுரையீரல் டாக்டரிடம் அனுப்பினார். ஸ்கேன் நார்மல். அவர் இதயத்துக்கு அனுப்ப, இதயம் வயிற்றுக்கு அனுப்பியது. வயிற்று டாக்டர் டியூப் விட்டுப் பார்த்து, "பர்ஃபெக்ட்!" என்று பாராட்டினார்.

ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் இவர் ஸ்வீட் வாங்கிவந்தார். ஒரு கையால் விலாவைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மைசூர்பாகு சாப்பிட்டேன். எடை மட்டும்தான் நார்மலைத் தாண்டியது.

பக்கத்து வீட்டு ஷாஹீன் பாபி, "கைக்கு இத்னா சோச்தே? டென்ஷன் நக்கோ!" என்றார். ஏன் இவ்வளவு யோசிக்கிறாய், டென்ஷன் வேண்டாமாம். டென்ஷனே பக்க எண் போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறதே பாபி!

அப்புறம் ஒருநாள் இவர் ஃபைலை மூடிவிட்டு மெதுவாகக் கேட்டார்: "எல்லா டெஸ்ட்டும் பாஸ் ஆயிடுச்சே சரசு... அப்ப வலி எங்கேருந்து வருது?"

விலாவைவிட அது வலித்தது. ஒருவேளை நான்தான் நடிக்கிறேனோ? எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அதுதான் பயமாக இருந்தது.

கடைசி முயற்சியாகத்தான் இந்த மூட்டு-தசை டாக்டர். சின்னப் பெண். இவர் நீட்டிய ஃபைலை ஓரமாக வைத்துவிட்டு, "மீரு செப்பண்டி அம்மா" என்றார். நீங்கள் சொல்லுங்கள் என்று எட்டு மாதத்தில் கேட்ட முதல் டாக்டர்! கொட்டித் தீர்த்தேன். தூக்கம், அசதி எல்லாம் விசாரித்தார். கழுத்து, தோள், விலா என்று விரலால் அழுத்தினார். நான் போட்ட சத்தத்தில் வெளியே டோக்கன் கூப்பிடுபவர் எட்டிப் பார்த்தார்.

"ஃபைப்ரோமயால்ஜியா மாதிரி இருக்கு" என்றார் டாக்டர். உடம்பு பூராவும் தசை வலிக்கும் நோயாம். மாத்திரை, நடை, நல்ல தூக்கம்... மூன்று மாதம் பார்க்கலாமாம்.

இவர் விடுவாரா? "எந்த டெஸ்ட்டுல தெரியும் மேடம்?"

"டெஸ்ட் லேது சார்." டெஸ்ட்டே கிடையாதாம்; நோயாளி சொல்வதை நம்பத்தான் வேண்டுமாம். இவர் முகம் வெளுத்துவிட்டது. வீடு வரும்வரை ஆட்டோவில் ஃபைலை மடியில் வைத்துப் புரட்டிக்கொண்டே வந்தார்.

மறுநாள் காலை ஃபைலைப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தில் அவருடைய கோழிக்கிறுக்கல்: 'இடது விலா, தோள், இடுப்பு, முழங்கை — வலி இருக்கிறது.' கீழே தேதி, கையெழுத்து.

"எதை வெச்சு அளந்தீங்க?" என்றேன்.

"நீ சொன்னியே" என்றார், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

கல்யாணமான முப்பத்தோரு வருஷத்தில், அந்த மனுஷன் அளக்காமல் போட்ட முதல் கையெழுத்து!