விரிசல் இல்லாத கேக்

இன்று மகள் ஒரு வீடியோ அனுப்பினாள். கேக் டின்னில் ஒட்டாமல் வர அதிசய ரகசியமாம். ஒரு பெண் டின்னில் வெண்ணெய் தடவி மைதா தூவுகிறாள்.

எனக்குச் சிரிப்பு.

எழுபதுகளில், கும்மிடிப்பூண்டியில், இதே மகளின் முதல் பிறந்தநாள். குண்டானில் மணல் பரப்பி, பிஸ்கட் டின்னை உள்ளே வைத்து இரண்டு முறை கேக் சுட்டேன். இரண்டு முறையும் பாதி கேக் டின்னோடு நின்றுவிட்டது. மிச்சம் இரண்டே முட்டை. அழுகை வந்தது.

இரும்பு வார்க்கும் பட்டறையில் வேலை பார்த்த என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"இன்னாமே, ஒட்டிக்கிச்சா? மர அச்சுல மணல் ஒட்டக் கூடாதுன்னு நாங்க பொடி தூவிக்கினுதான் வேலையே ஆரம்பிப்போம். நீ நெய்யைத் தடவி மைதாவைத் தூவு."

அப்படியே செய்தேன். ஆறியதும் டின்னைக் கவிழ்த்தேன். கேக் முழுசாக இறங்கியது. டின்னின் அடியில் புடைத்திருந்த நட்சத்திரம்கூட ஒரு முனையும் சிதையாமல் அதன் மேல் பதிந்திருந்தது.

அவர் கேக்கைக் காதருகே தூக்கி, விரலால் தட்டினார்.

"இன்னாங்க பண்றீங்க?"

"பட்டறைல வார்ப்பைத் தட்டிப் பாப்போமே, அது மாதிரி உள்ள விரிசல் கீதான்னு பாக்குறேன்மே."

வீடியோவில் அந்தப் பெண் இதைச் செய்யவே இல்லை. உங்கள் வீட்டிலாவது யாராவது தட்டிப் பார்க்கிறார்களா?