பூஜையில் வைத்த பதினோரு பக்கங்கள்

போன வருடம் பொங்கல் விடுமுறை முடிந்த வாரம் நடந்தது இது. ஓசூர் சிப்காட்டில், வண்டிகளுக்கு பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

எனக்கு எதுவும் குவிந்து கிடந்தால் பிடிக்காது. எங்கள் லினக்ஸ் சர்வர், டிஸ்க்கை எப்படிப் பகுதி பகுதியாகப் பிரித்திருக்கிறோம் என்ற குறிப்பை ஒவ்வொரு மாற்றத்துக்கு முன்பும் தானாகவே ஒரு சிறு ஃபைலாக எடுத்து வைத்துக்கொள்ளும். குறைந்தது பத்து பிரதிகளை, முப்பது நாளாவது வைத்திருப்பது அதன் வழக்கம். இத்தனை எதற்கு என்று, நாள் கணக்கே இல்லாமல் இரண்டு பிரதி போதும் என மாற்றி வைத்திருந்தேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

அன்று காலை, பயன்படாத பகுதிகள் என்று ஆறை ஒவ்வொன்றாக நீக்கினேன். சாப்பிடக் கிளம்பும்போது தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கும் தோழி வந்தார். தூத்துக்குடிக்காரர்.

"நாளைக்கு கஸ்டமர் ஆடிட்டுக்கு வாராங்க. பழைய ஹீட் ட்ரீட்மென்ட் ரிப்போர்ட்ட கொஞ்சம் தொறந்து குடுங்களேன்" என்றார்.

பாகங்களைச் சூடாக்கிப் பதப்படுத்தியதற்கான அந்த ரிப்போர்ட்டுகள், ஆடிட் சமயத்தில் மட்டும் திறக்கும் ஒரு பகுதியில் இருந்தன. எனக்கு முன்பு இருந்தவர் அதற்கு ஏதோ புரியாத பெயர் வைத்திருந்தார். காலையில் நான் இரண்டாவதாக நீக்கியது அதைத்தான். திறக்காமலே கிடந்ததால் தினசரி பேக்கப்பிலும் அது சேரவில்லை. ரிப்போர்ட்டுகள் டிஸ்க்கில் இன்னும் அழியாமல்தான் இருக்கும். ஆனால் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்று சொல்லும் குறிப்பு வேண்டும். அடுத்தடுத்து நான் செய்த நீக்கங்களில் அந்தக் குறிப்பு வெளியே தள்ளப்பட்டுப் போயிருந்தது.

ரிப்போர்ட் இல்லையென்றால் ஆர்டர் நின்றுவிடும். முதலில் பதில் சொல்ல வேண்டியவர் அந்தத் தோழி. மறைக்காமல் சொல்லிவிட்டேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"எங்கயாவது ஒரு காப்பி கூடவா இல்ல?"

அப்போதுதான் மெயின்டனன்ஸ் ஃபோர்மேன் நினைவுக்கு வந்தார். ஜவளகிரிப் பக்கத்துக்காரர், வீட்டில் கன்னடம் பேசுபவர். ஆயுத பூஜைக்கு முன் எல்லா மெஷின்களின் செட்டிங்கையும் காகிதத்தில் வாங்கி, சந்தனம் குங்குமம் வைத்து, பூஜை முடிந்ததும் பீரோவில் பூட்டிவிடுவார். மூன்று மாதம் முன்பு வந்த பூஜைக்கு சர்வருக்கும் ஒன்று கேட்டார். "இந்தாங்கண்ணா, சர்வரோட ஜாதகம்" என்று சிரித்தபடி, கைக்கு அகப்பட்ட அன்றைய குறிப்பு ஃபைலை அச்சிட்டு நீட்டியிருந்தேன். அதற்குப்பின் அன்று காலைவரை டிஸ்க் பிரிவினையை நான் தொடவே இல்லை!

ஓடினேன். அவர் நிதானமாக பீரோவைத் திறந்து பதினோரு பக்கத்தையும் எடுத்தார். "எதுக்கு மேடம் இவ்ளோ பதட்டம்? வெச்ச பேப்பர் எங்க போயிரும்?"

முடிக்காமல் நாற்காலியை விட்டு எழுவதில்லை என்று உட்கார்ந்தேன். தோழி ஒவ்வொரு எழுத்தாக வாசிக்க, நான் அதை மறுபடி ஃபைலாகத் தட்டினேன். டிஸ்க்கின் நீளமான அடையாள எண் ஒன்றின் மேல் குங்குமம் அப்பியிருந்தது. அதை டிஸ்க்கிலிருந்தே படித்துச் சரிபார்த்தேன். முதல் சோதனையில் ஓர் அடைப்புக்குறி விட்டுப்போயிருந்தது. இரண்டாவதில் ஓர் எண் தப்பு. மறுபடி முதல் பக்கத்திலிருந்து பார்த்து வந்தோம். சாப்பாட்டு டப்பாவை இருவருமே திறக்கவில்லை. ஐந்தரை மணிக்கு அந்தப் பகுதி திரும்ப வந்தது. ரிப்போர்ட்டுகள் ஒன்றுகூடக் குறையவில்லை. தோழி என் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்துவிட்டு அழுதார்.

மேலாளரிடம் நானே போய்ச் சொன்னேன். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். குறிப்புகளை இப்போது மூன்று மாதம் வைத்திருக்கிறேன், இன்னொரு சர்வரிலும் ஒரு பிரதி.

ஃபோர்மேனுக்கு நன்றி சொல்லப் போனபோது, "நீங்க குடுத்தீங்க, நான் வெச்சிருந்தேன், அவ்ளோதான்" என்றார். கேலிக்காக நான் கொடுத்த காகிதத்தை அவர் மதித்துப் பூட்டி வைத்திருந்தார் என்பதை நினைத்தால், எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது.