அண்ணனும் மச்சானும் ஒரே சொல்லில்

திண்டுக்கல்லில் நான் ஆசிரியப் பயிற்சிக்குச் சேர்ந்த முதல் வருஷம், ஆங்கில வகுப்பில் ஒரு நாள் உறவுமுறைப் பாடம் நடந்தது. டீச்சர் கரும்பலகையில் ஒரு குடும்பத்தை வரைந்தார். அப்பா, அம்மா, அவர்களோடு பிறந்தவர்கள், பிறந்தவர்களின் பிள்ளைகள். அந்தப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் சேர்த்து அடியில் ஒரே சொல்லை எழுதினார்: கசின்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சின்னாளப்பட்டிக்காரி எழுந்து நின்றாள்.

"டீச்சர், இதுல யாரு சித்தப்பா மகன், யாரு அத்தை மகன்?"

"எல்லாருமே கசின்தான்."

"அய்யய்யோ! அப்ப அவுக ஊர்ல அண்ணனும் மச்சானும் ஒண்ணா? யாரு சீர் கொண்டாருவான், யாரு தாலி கொண்டாருவான், எப்படி டீச்சர் கண்டுபிடிக்கிறது?"

வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்துவிட்டார். நான் மட்டும் அந்தச் சொல்லை நோட்டில் எழுதிக்கொண்டு, கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஓர் அத்தை மகன் இருந்தான்.

தாடிக்கொம்புக்கு அந்தப் பக்கம் கத்தரியும் மல்லிகையும் போடுகிற கொஞ்சம் நிலம் எங்களுடையது. எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். ஆண்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஆனால் நான் பள்ளிக்கூடத்துக்குப் போவதற்கு முன்பே, பேசத் தொடங்குவதற்கும் முன்பே, என் அப்பாவின் தங்கை என்னைத் தன் மகனுக்கென்று சொல்லி வைத்துவிட்டாள். அத்தை ஒருநாளும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "மருமகளே" என்பாள். நான் நாலாம் வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தபோதும் மருமகள்தான்.

அந்த மகன் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தான். நான் விடுதியில் சேர்ந்த பிறகு, சனிக்கிழமை சாயங்காலமானால் கையில் ஒரு மிக்சர் பொட்டலத்தோடு கேட்டில் வந்து நிற்பான். ஜன்னலிலிருந்து பெண்கள் எட்டிப் பார்ப்பார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசும். ஒரு நாள் வார்டன் என்னைக் கூப்பிட்டு, யார் அந்த ஆள் என்று கேட்டார். அவர் பம்பாய்ப் பக்கம் பிறந்தவர். தமிழ் அரைகுறை. எங்களிடம் ஆங்கிலத்தில்தான் பேசுவார்.

"என் கசின்" என்றேன்.

"அப்படியா, நல்லது" என்றார். அவ்வளவுதான்.

அந்தச் சொல்லைச் சொன்னபோது எனக்குக் கிடைத்த நிம்மதியை இன்றும் என்னால் விளக்க முடியும். தமிழில் அவனை என்ன சொல்லிக் கூப்பிட்டாலும், அத்தை மகன், மச்சான், முறைப்பையன், எந்தச் சொல்லை எடுத்தாலும் அதற்குள்ளே என் கல்யாணம் பாதி முடிந்துபோயிருக்கும். கசினில் அது இல்லை. அந்தச் சொல்லில் எவனுக்கும் என்மேல் பாத்தியதை கிடையாது. வெள்ளைக்காரனுக்கு உறவைச் சொல்லக்கூடச் சொல் பஞ்சம் என்று வகுப்பில் சிரித்தார்கள். அந்தப் பஞ்சத்தில்தான் நான் இரண்டு வருஷம் மூச்சு விட்டேன். அதற்குப் பிறகு அவன் வரும்போதெல்லாம் வார்டன் சிரித்த முகத்தோடு, "உன் கசின் வந்திருக்கிறார்" என்பார். கேட்டில் நிற்கிற அவனிடமும் அதே சொல்லைச் சொல்லி விசாரிப்பார். அர்த்தம் தெரியாமல் அவன் தலையாட்டுவான். மதிப்பான சொல் என்று மட்டும் அவனுக்குப் பட்டிருக்க வேண்டும்.

இரண்டாம் வருஷம், கடைசிப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. அதை எழுதித் தேறிவிட்டால் நான் டீச்சர். எனக்கு அது ஒன்றுதான் குறி. ஒரு நாள் காலையில் வார்டன் என் அறைக்கே வந்தார்.

"உன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லையாம். கசின் அழைத்துப்போக வந்திருக்கிறார். அப்பாவோ கூடப்பிறந்தவனோ வந்தால்தான் அனுப்ப வேண்டும். ஆனால் கசின் அண்ணன் மாதிரிதானே. பத்திரமாகப் போய் வா."

அம்மாவை நினைத்து ஓடினேன். வேறெதுவும் நினைக்கத் தோன்றவில்லை. பஸ்ஸில் அவன் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டான்.

"அம்மாவுக்கு என்ன? காய்ச்சலா?"

"வா புள்ள. செத்த நேரத்துல பாக்கத்தானே போற."

வீட்டில் அம்மா அடுப்படியில் வெஞ்சனம் தாளித்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. கூடத்தில் ஜமுக்காளம் விரித்திருந்தது. தாம்பாளத்தில் வெற்றிலை, பழம், எங்கள் தோட்டத்து மல்லிகை.

"வாடி மருமகளே" என்றாள் அத்தை. "பரிச்ச எழுதிக் கலெக்டராவா ஆகப்போற? இன்னைக்குப் பூ வச்சிருவோம். வர்ற முகூர்த்தத்துல முடிச்சிருவோம்."

அப்பாவைப் பார்த்தேன்.

"ஒங்க அத்தை உரிமைப்பட்டவ தாயி. கேக்குறா. நான் என்னத்தச் சொல்ல?"

அத்தை என் தலையில் பூவை வைத்தாள். நான் அதை எடுத்துத் தாம்பாளத்திலேயே திரும்ப வைத்தேன்.

"நான் பரீட்சை எழுதணும். எழுதின பெறகும் இது வேண்டாம்."

"பாத்தியாண்ணே, ஒம் மக படிச்ச படிப்ப!" அத்தை என் பக்கம் திரும்பினாள். "ஏண்டி, பஸ்ஸுல அவன்கூட ஒத்தையில வந்தியே, அப்ப இனிச்சுச்சோ? ஊரே பாத்துருச்சு. இனிமே எவன்டி ஒன்னயக் கட்டுவான்?"

அவன் வாசலில் நின்று கையிலிருந்த சாவியை உருட்டிக்கொண்டிருந்தான். அவனையும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்று பிற்பாடு அம்மா சொன்னாள். இருக்கலாம். ஆனால் பொய் சொல்லி என்னை அழைத்து வந்தது அவன்தான்.

இரவெல்லாம் சாப்பிடாமல் கிடந்தேன். மறுநாள் அப்பா என்னை விடுதிக்குக் கூட்டிப்போனார். எங்களுக்கு முந்தின பஸ்ஸிலேயே அத்தை போய், வேலை முடித்துவிட்டுத் திரும்பியிருந்தாள். தன் மகனுக்கு நிச்சயம் செய்யப்பட்ட பெண், அவனோடுதான் பஸ்ஸில் வந்தாள், இப்போது மாட்டேன் என்கிறாள் என்று எல்லாவற்றையும் கேட்டில் நின்று கத்தியிருக்கிறாள். காவல்காரர் அதை வார்டனுக்குத் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறார்.

"அவன் உன் கசின் என்று சொன்னாயே?" வார்டன் என்னை உட்காரச் சொல்லவில்லை.

"கசின்தான். என் அப்பாவின் தங்கை மகன்."

"அவனைத்தான் நீ கல்யாணம் செய்துகொள்ள இருந்தாயா?"

"எங்கள் வழக்கப்படி செய்துகொள்ளலாம். ஆனால் நான்..."

"அப்படியானால் அவன் கசின் இல்லை. உனக்கு நிச்சயமானவன்."

"அதுவும் இல்லை."

"கசினா இல்லையா? ஒன்றைச் சொல்."

நான் ஒன்றைத் தேடினேன். அந்த மொழியில் எனக்கு இடமே இல்லை. ஆமாம் என்றால் அவர் நினைக்கிற அண்ணனாகிவிடுவான். இல்லை என்றால் நான் பொய்க்காரி ஆகிவிடுவேன். அப்பா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். எங்களுக்குள் ஓடிய ஒரு வார்த்தையும் அவருக்குப் புரியவில்லை. வார்டன் என் மௌனத்தையே பதிலாக எடுத்துக்கொண்டார். இனி விடுதியில் எனக்கு இடமில்லை என்றார். விடுதியில் இல்லாத பெண்ணைப் பரீட்சைக்கு உட்காரவிடும் வழக்கம் அங்கே இல்லை.

நான் பொய் சொல்லவில்லை. இன்றும் அதைத்தான் சொல்வேன். அத்தைக்கு நான் முறையை மீறியவள். வார்டனுக்கு நான் முறையை மறைத்தவள். இரண்டு பேரும் அவரவர் மொழியில் சரியாகத்தான் இருந்தார்கள்.

இப்போது ஒரு சிறிய பள்ளியில் இருக்கிறேன். பயிற்சி முடிக்காதவள் என்பதால் பெரிய வகுப்புகளை எனக்குக் கொடுப்பதில்லை. அப்பாவுக்கும் அத்தைக்கும் போக்குவரத்து அறுந்துபோயிற்று. அவன் ஒட்டன்சத்திரம் பக்கம் பெண் எடுத்தான் என்று கேள்விப்பட்டேன்.

போன மாதம் பஸ் ஸ்டாண்டில் அவனைப் பார்த்தேன். இடுப்பில் குழந்தையோடு அவன் மனைவி. என்னைக் கண்டதும் அவன் நின்றுவிட்டான். அவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏனுங்க, இவங்க யாருங்க?"

அவன் என்னைப் பார்த்தான். பிறகு பஸ் வருகிற பக்கம் பார்த்தான்.

"கசின்" என்றான்.

"அப்படீங்களா" என்று அவள் மரியாதையாகச் சிரித்தாள். ஏதோ ஆபீஸ் உத்தியோகத்தின் பெயர் என்று நினைத்திருப்பாள். மாமன் மகள் என்று அவன் சொல்லியிருந்தால் அவள் என்னைப் பார்க்கிற பார்வையே வேறாக இருந்திருக்கும். அது அவனுக்குத் தெரிந்திருந்தது. இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வந்தது.

"ஆமாங்க" என்றேன்.

பஸ் வந்தது. நான் போக வேண்டிய பஸ்ஸும் அதுதான். அவர்கள் ஏறினார்கள். நான் ஏறவில்லை.